முதல் தடவை கைவினைச் சந்தையில சொந்த காமிக்ஸ் விக்கப் போறேன், எத்தனை காப்பி போடலாம்?

நைட்ஷிப்ட்_பேய்:
வணக்கம்ங்க. ஆடி மாசம் கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் கிரவுண்ட்ல ரெண்டு நாள் கைவினைச் சந்தை போடறாங்க, டெரகோட்டா கம்மல், சோப்பு, குரோஷே பொம்மை இந்த மாதிரி கடைங்கதான் பூராவும், அதுல ஒரு டேபிள் எடுத்து நான் வரைஞ்ச காமிக்ஸ வெக்கலாம்னு இருக்கேன். ஏ5 சைஸு, கதை 22 பக்கம், உள்ள கருப்பு வெள்ளை, அட்டை மட்டும் கலர். மூடிப்போன ஸ்பின்னிங் மில்லுல இன்னும் நைட் ஷிப்ட் பாத்துட்டிருக்கற ஒரு பேய், அதுக்கு பிஎஃப் பணம் செட்டில் ஆகல, அதான் கதை. டிஜிட்டல் பிரிண்ட்ல 100 காப்பி போட்டா ஒண்ணு 45 ரூபா ஆகுதுங்க, 300 போட்டா 38னு சொல்றாங்க. டேபிள் வாடகை ரெண்டு நாளைக்கு 3500. எவ்வளவு போடறது, என்ன வெல வெக்கறது, ஜிஎஸ்டி, ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கு தர்ற அடையாள நம்பர்) எல்லாம் வேணுமா? காமிக்ஸ் வாங்கற கூட்டம் அங்க வருமான்னே தெரியலைங்க.

மைக்கறை:
300 போடாதீங்க ப்ரோ. ஏழு ரூபா மிச்சம்னு ஆசைப்பட்டு 300 போட்டா 11,400 ரூபா கட்டில் அடியில தூங்கும். கணக்கு பாருங்க, 100 ரூபாய்க்கு வித்தா ஒரு காப்பிக்கு கையில நிக்கறது 55. டேபிள் வாடகைய எடுக்கவே 64 காப்பி போகணும், அதுவும் உங்க சாப்பாடு, ஆட்டோ எதையும் சேக்காம. முதல் சந்தைக்கு அது பெரிய நம்பர். யாராச்சும் ஜ்வெல்லரி, ஸ்டிக்கர் போடறவங்க கிடைச்சா டேபிள பாதி பாதி பிரிச்சுக்கோங்க, வாடகை 1750 ஆயிடும், 32 வித்தாலே வாடகை வந்துடும். ஊறுகாய், தொக்கு விக்கறவங்க பக்கத்துல மட்டும் வேண்டாம், ஜனங்க ருசி பாத்த கையோட அப்படியே உங்க புக்க புரட்டுவாங்க. வெல 100 ஓகே, 120ன்னு வெச்சா சில்லறைக்கு அலையணும், யூபிஐ இருக்குன்னாலும் கூட்டத்துல சிக்னல் போயிடும், 100 ரூபா நோட்டு கொஞ்சம் கையில வெச்சிருங்க.

பிஓடி_அண்ணாச்சி:
தம்பி, பிரஸ்ல இருக்கவன் சொல்றேன். சென்டர் பின் அடிக்கணும்னா அட்டைய விட்டுட்டு உள்பக்கம் 4ஆல வகுபடணும், 22ன்னு குடுத்தீங்கன்னா ரெண்டு பக்கம் வெறும் வெள்ளையா வரும். 24 ஆக்குங்க, ஒண்ணுல தலைப்பு, கடைசியில உங்க இன்ஸ்டாவோட க்யூஆர்.

அதவிட முக்கியம் எழுத்து. வசனத்த ஃபான்ட்டாவே விட்டு ஃபைல அனுப்பாதீங்க, அவுட்லைன் ஆக்கி, அதாவது எழுத்த வரைஞ்ச உருவமா மாத்தி, பிடிஎஃப் எடுங்க. இல்லன்னா கடைக்காரர் சிஸ்டத்துல வேற ஃபான்ட் ஏறி "கொலை"ங்கறது கொம்பு தனியா, க தனியா, கால் தனியா நடந்து வரும். இங்க பாதி பசங்க கொண்டுவர்ற ஃபைல் இப்படித்தான். முழுசா அடிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு காப்பி எடுத்து, பின் அடிச்சு, ட்ரிம் பண்ணி, கையில வெச்சு முழுசா படிங்க, நடு மடிப்புல வசன பலூன் மாட்டியிருந்தா அப்பத்தான் தெரியும். ஆஃப்செட் (ப்ளேட் செஞ்சு மொத்தமா அடிக்கற முறை) பக்கம் இப்ப போகவே வேண்டாம், ப்ளேட் காசு இருக்கறதால 500க்கு மேல போனாத்தான் அது கட்டும்.

வெள்ளிக்கிழமை_வாசகி:
கூட்டம் வரும், ஆனா காமிக்ஸ் தேடி வராது, கம்மல் வாங்க வந்தவங்க எட்டிப் பாப்பாங்க. அவங்களுக்கு ரெண்டு செகண்டுல புரியணும். நீங்க மேல எழுதினீங்களே, பிஎஃப் வராத பேய்னு, அத அப்படியே ஒரு அட்டையில பெருசா எழுதி நிக்க வைங்க, கோயமுத்தூர்ல மில்லு தெரியாத வீடு ஏது, சிரிச்சுட்டே நிப்பாங்க. எல்லாரும் முதல்ல கேக்கற கேள்வி "குழந்தைங்களுக்கா?", அதனால 13 வயசுக்கு மேலன்னு முன்னாடியே போட்டுருங்க. ரெண்டாவது, "இவனுக்கு தமிழ் படிக்க வராது, இங்கிலீஷ்ல இல்லையா". அதுக்கு பதில் சொல்லி மல்லுக்கட்டாதீங்க, வசனம் கம்மியா இருக்கற பக்கத்த விரிச்சுக் காட்டுங்க. அப்புறம் முத்து காமிக்ஸ் காலத்து அங்கிள்ஸ் வருவாங்க பாருங்க, இரும்புக்கை மாயாவி இருக்கான்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் பேசிட்டு ஒண்ணும் வாங்காம போயிடுவாங்க, கடை மறைஞ்சுடும்.

பழைய_பேப்பர்:
அந்த அங்கிள்ல ஒருத்தன்தான் நான், கொஞ்சம் பொறுங்க மேடம். 1972ல சிவகாசியில முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதுல இருந்து தமிழ்ல காமிக்ஸ காசு குடுத்து வாங்கி பத்திரமா வெச்சிருக்கறது எங்க செட்டுதான். பேசுவோம், உண்மைதான். ஆனா பிடிச்சிருந்தா ரெண்டு காப்பி வாங்குவோம், ஒண்ணு படிக்க, ஒண்ணு வெக்க. கையெழுத்து போட்டு முதல் பக்கத்துல சின்னதா அந்தப் பேய வரைஞ்சு குடுக்கறேன்னு சொல்லுங்க தம்பி, எங்கள்ல ஒருத்தன் கூட வாங்காம நகரமாட்டான்.

நைட்ஷிப்ட்_பேய்:
எல்லாத்துக்கும் நன்றிங்க. 100தான் போடறேன், டேபிளுக்கு ஒரு ஸ்டிக்கர் போடற அக்காகிட்ட பேசியிருக்கேன். நானும் கூட ஸ்டிக்கர், டோட் பேக் வெக்கலாமா? ஜிஎஸ்டி பத்தி யாரும் சொல்லலையே.

மைக்கறை:
அச்சடிச்ச புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஸ்டிக்கர், பைக்கு உண்டு, ஆனா தமிழ்நாட்டுக்குள்ளயே வித்து வருஷம் மொத்தமா 40 லட்சம் தாண்டலேன்னா ரெஜிஸ்டர் பண்ணவே வேண்டாம். வேற ஸ்டேட் சந்தைக்கு பை எடுத்துட்டு போனா கதை வேற, அப்ப ஒரு ஆடிட்டர கேட்டுக்கோங்க. ஐஎஸ்பிஎன் நம்ம நாட்டுல இலவசம்தான், சந்தையில யாரும் கேக்கமாட்டாங்க, கடையில வெக்கறப்ப பாத்துக்கலாம். ஸ்டிக்கர் நிறைய வெக்காதீங்க, 20 ரூபா பொருள் பக்கத்துல இருந்தா 100 ரூபா புக்க யாரும் தொடமாட்டாங்க, அதுலயும் பக்கத்துல அக்கா வேற அதேதான் விக்கறாங்க. புக்கு வாங்கினா ஒரு ஸ்டிக்கர் ஃப்ரீன்னு வைங்க போதும்.

ஆமா, ஆடின்னு சொன்னீங்களே. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும், பாலக்காட்டு கணவாய்ல இருந்து வர்ற காத்து ஓப்பன் கிரவுண்ட்ல உங்க 24 பக்க புக்க விடுமா? பைண்டர் க்ளிப், ரப்பர் பேண்டு, மேல வெக்க நாலு கல்லு எடுத்துட்டு போங்க, நிக்க வெக்கற அட்டைய டேபிள்ல கட்டிருங்க. டேபிள்ல பத்து காப்பிக்கு மேல பரப்பாதீங்க, மிச்சம் மூடி போட்ட டப்பாவுல, கூடவே மழைத்தூறலுக்கு ஒரு பெரிய பாலித்தீன் ஷீட்டு.

வெள்ளிக்கிழமை_வாசகி:
மிஞ்சினத புக் ஷாப்ல போட்டா 35, 40 பர்சென்ட் கமிஷன் கேப்பாங்க, 45 அடக்கத்துக்கு உங்களுக்கு 15, 20 ரூபாதான் மிஞ்சும், அதையும் வித்தப்புறம்தான் தருவாங்க. அதுக்கு பதிலா அடுத்த சந்தைக்கு எடுத்து வைங்க. எந்த தேதின்னு இங்க போடுங்க, நான் திருப்பூர்தான், வர்றேன்.