மறு: ஹெர்ட் இம்யூனிட்டி – மந்தையா, சமூகமா, திரளா?

வணக்கம்.

ஹெர்ட் இம்யூனிட்டி என்பது, சுற்றியுள்ள பலரிடம் நோயை எதிர்க்கும் ஆற்றல் இருப்பதால் அது இல்லாதவருக்கும் கிடைக்கும் பாதுகாப்பு. இதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: மந்தை நோயெதிர்ப்பு, சமூக எதிர்ப்பாற்றல், குழும எதிர்ப்பாற்றல், யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய சமுதாய நிர்ப்பீடனம் (எதிர்ப்பாற்றலுக்கு இலங்கையில் புழங்கும் சொல் நிர்ப்பீடனம்). சண்டை எல்லாம் சொல்லின் முன்பாதிக்குத்தான் நடக்கிறது. எனக்கு உறுத்துவது பின்பாதி. ஆனாலும் முன்பாதியைத் தொடாமல் அங்கே போக முடியாது.

> மனிதர்களைப் போய் மந்தை என்று எழுதுவதா? படிக்கிறவர் என்ன நினைப்பார்?

சொல் பிறந்ததே மாட்டுப்பண்ணையில்தான். 1910-களில் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் கன்று வீச்சு நோய், அதாவது புருசெல்லோசிஸ், பண்ணைகளைப் போட்டு வாட்டியது. கன்று வீசிய மாட்டை விற்றுவிட்டுப் புது மாடு வாங்கிக் கட்டுவதுதான் வழக்கம். ஜார்ஜ் பாட்டர் என்ற கால்நடை மருத்துவர், அது தப்பு என்றார். நோய் வந்து தேறிய மாட்டை வைத்துக்கொள், அதன் கன்றுகளை வளர், வெளி மாட்டை உள்ளே விடாதே. புது விறகு போடாவிட்டால் நெருப்பு அணைந்துவிடும் என்று 1918-இல் எழுதினார். ஹெர்ட் இம்யூனிட்டி என்ற சொல்லை அவர் புழங்கியது இந்தப் பொருளில்தான். 1923-இல் இங்கிலாந்தில் டாப்லி, வில்சன் என்ற கிருமி ஆய்வாளர்கள் சுண்டெலிகளை வைத்து அதையே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மனிதர்களுக்கு அந்தச் சொல் வந்தது அதற்கு அப்புறம்.

ஆகவே நம் இழையில் எழுதும் கால்நடை மருத்துவர் ஐயா மந்தை என்ற சொல்லை விட மறுப்பதில் நியாயம் உண்டு. தென் மாவட்டங்களில் மந்தை என்றால் ஊர் கூடும் இடம் என்று அவர் சொன்னதும் சரிதான். அந்தப் பக்கம் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் மற்ற இடங்களில் 'மந்தைப் புத்தி' முந்திக்கொண்டு வந்து நிற்கும். தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லும் துண்டறிக்கையில் அந்த நினைப்பு வந்தால் கதை முடிந்தது.

சமூகம் என்றால்? வெறிநோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் அங்கே பரவல் அறுந்துபோகும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஊசி நாய்களுக்கு, பிழைப்பது தெருவில் விளையாடும் பிள்ளை. ஊரில் உள்ள மனிதர் அத்தனை பேருக்கும் ஊசி போட்டாலும் நாய்களுக்குள் நோய் பரவுவது நிற்காது, ஏனென்றால் மனிதனோடு அந்தக் கிருமியின் பயணம் முடிந்துவிடுகிறது. இதைச் சமூக எதிர்ப்பாற்றல் என்று எழுதினால் மாணவர் எந்தச் சமூகத்தைத் தேடுவார்? திரள் என்றால் வம்பில்லை. நாய்த்திரள், கோழித்திரள், மக்கள்திரள் எல்லாம் இயல்பாக வரும்.

இப்போது பின்பாதி. எதிர்ப்பாற்றல் ஒரு உடம்புக்குள் இருப்பது. நாம் பெயர் வைக்கப் பார்ப்பதோ, எதிர்ப்பாற்றல் இல்லாத உடம்புக்கும் அக்கம்பக்கத்தாரால் கிடைக்கும் பாதுகாப்பு. தட்டம்மை ஊசி போடும் வயது வராத கைக்குழந்தையின் உடம்பில் அந்த எதிர்ப்பாற்றல் போதிய அளவில் இருக்காது. சுற்றியுள்ளவர்களிடம் இருப்பதால் கிருமி அதனிடம் வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான். 'குழும எதிர்ப்பாற்றல் பெற்ற குழந்தை' என்று யாராவது எழுதினால் பொய்யாகிவிடும்.

> இரண்டும் ஒன்றுதானே? எல்லோருக்கும் எதிர்ப்பு இருந்தால் பாதுகாப்பு தானாக வராதா?

வராது. கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மாரெக் நோய்க்குக் குஞ்சுப் பொரிப்பகத்திலேயே, ஒரு நாள் குஞ்சின் கழுத்துத் தோலுக்கடியில் ஊசி போடுவார்கள். கோழி நோயால் சாகாது. ஆனால் வைரஸ் உள்ளே போகாமல் இருப்பதில்லை. உடம்பில் பெருகி, இறகின் வேர்ப்பைகளிலிருந்து தோல்பொடியோடு உதிர்ந்து, கொட்டகைத் தூசியில் கலந்துவிடும். 2015-இல் ஆண்ட்ரூ ரீட், வேணுகோபால் நாயர் குழுவினர் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மிகக் கொடிய வகை வைரஸ் தொற்றிய ஊசி போடாத கோழிகள் பத்து நாளுக்குள் செத்தன. வைரஸைப் பெரிதாகப் பரப்ப அவற்றுக்கு நேரமில்லை. ஊசி போட்ட கோழிகள் பிழைத்து வாரக்கணக்கில் பரப்பின. அவற்றோடு அடைத்த ஊசி போடாத கோழிகள் நோய்கண்டு செத்தன. அந்தக் கொட்டகையில் எதிர்ப்பாற்றலுக்குக் குறைவே இல்லை. பக்கத்துக் கோழிக்குப் பாதுகாப்புதான் கிடைக்கவில்லை.

டெட்டனஸ் இன்னொரு வகை. கிருமி மண்ணில் கிடக்கிறது, ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை. ஊரே ஊசி போட்டிருந்தாலும் போடாதவர் காலில் ஆணி குத்தினால் அவர் பாடு அவருக்கு. மாடுகளில் அடைப்பான் நோயும் (ஆந்த்ராக்ஸ்) பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே என் பரிந்துரை: திரள்காப்பு. எதிர்ப்பு தனி உயிருக்கு, காப்பு திரளால் வருவது. 'டெட்டனஸுக்குத் திரள்காப்பு கிடையாது', 'மாரெக் தடுப்பூசி எதிர்ப்பாற்றல் தரும், திரள்காப்பு தராது' என்று வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள், சிக்காமல் ஓடுகிறது. 'மந்தை நோயெதிர்ப்பாற்றல் வரம்பளவு' என்று மூச்சு வாங்கவும் வேண்டாம், திரள்காப்பு வரம்பு போதும்; எத்தனை விழுக்காட்டினரிடம் எதிர்ப்பு இருந்தால் பரவல் நிற்கும் என்ற அளவு அது. ஒரு நோயாளி சராசரியாக நாலு பேருக்குத் தொற்ற வைப்பார் என்றால் அந்த நாலில் மூன்று பேரிடம் கிருமி தோற்க வேண்டும். வரம்பு 75 விழுக்காடு. தட்டம்மைக்கு அந்த நாலு 12 முதல் 18 வரை போகும், அதனால்தான் 95 விழுக்காட்டைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் எதிர்ப்பாற்றல் என்று எழுதுகிறார்கள், இலங்கையில் நிர்ப்பீடனம் என்கிறார்கள். அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. இரண்டுமே இல்லாத சொல் என்பதால் இரு கரையிலும் புழங்கலாம்.

> காப்பு என்றால் வளையல் அல்லவா?

வளையலும்தான். மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டுவதும் காப்புதான். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை வெளியூரில் போய் இராத்தங்கக் கூடாது என்பது பல ஊர்களில் இன்றும் நடப்பு. உடனே 'முன்னோர் அன்றே திரள்காப்பு அறிந்திருந்தனர்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஊர் முழுவதையும் சேர்த்துச் சொல்லும் வழக்கு அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

மந்தை நோயெதிர்ப்பைக் கால்நடை நூல்களில் வைத்துக்கொள்வதா என்றால், வேண்டாம் என்பேன். மாடும் மனிதரும் ஒரே கணக்கில் வரும்போது இரண்டு சொல் எதற்கு?

மிச்சம் இருப்பது 'சசெப்டிபிள்', அதாவது எதிர்ப்பாற்றல் இல்லாததால் நோய் தொற்றக்கூடியவர். 'பாதிக்கப்படக்கூடியவர்' என்றால் ஏழை, முதியவர் என்றெல்லாம் பொருள் போகிறது. 'ஏற்பி' ஏற்கெனவே ரிசப்டருக்கு, அதாவது உயிரணுவில் பிற பொருள் வந்து ஒட்டும் இடத்துக்கு, போய்விட்டது. 'எதிர்ப்பிலி' என்று வைத்துப் பார்க்கிறேன்: திரள்காப்பு எதிர்ப்பிலிகளுக்குக் கிடைப்பது. 'தடுப்பிலி' வேண்டாம், ஊசி போடாதவர் என்று மட்டும் படும். நோய் வந்து தேறியவரும் ஊசி போடாதவராக இருக்கலாமே. கால்நடை மருத்துவர் ஐயா, நோய் இன்னும் தொடாத மாட்டுக்குக் களத்தில் ஏதாவது பேச்சுச் சொல் உண்டா? இருந்தால் எழுதுங்கள், என்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்.