நாலாவது வக்கீலை எடுப்பதா, கட்டுகளைக் குறைப்பதா?

நள்ளிரவு_டைரி

சீனியரிடமிருந்து பிரிந்து தனி அலுவலகம் போட்டு 9 வருடம் ஆகிறது. நான் ஒருத்தி, இரண்டு ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா. நடப்பில் 140 வழக்குக் கட்டு. சொத்து, குடும்பம், காசோலை, தொழிலாளர், விபத்து, அவ்வப்போது கிரிமினல் என்று வந்ததையெல்லாம் எடுத்திருக்கிறேன். வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் மாதக் கடைசியில் சம்பளமும் வாடகையும் போக எனக்கென்று நிற்பது, என் மூத்த ஜூனியர் வாங்குவதைவிடக் குறைவு. இரவு 11 மணிக்கு முன்னால் மேசையை விட்டு எழுந்த நாள் நினைவில்லை.

5 வருட அனுபவமுள்ள ஒருவர் சேர விரும்புகிறார். எடுத்தால் மூச்சுவிடலாம் என்று தோன்றுகிறது. கூடப் படித்த தோழியோ, "ஆளைக் கூட்டாதே, கட்டைக் குறை" என்கிறாள். இரண்டும் சரியென்றே படுகிறது. அலுவலகம் நடத்தியவர்கள் சொல்லுங்கள்.

ஏறுமுகம்

யோசிக்காம எடுங்க மேடம். நான் 4 பேரோட ஆரம்பிச்சேன், இப்ப 13 பேர். எல்லா மனுவையும் நீங்களே எழுதி, எல்லா வாய்தாவுக்கும் நீங்களே போனா அது அலுவலகமே இல்ல, நீங்க காய்ச்சல்ல படுத்தா அன்னைக்கே கதவு சாத்தணும். உங்க நேரம் எதுக்குப் போகணும்? கட்சிக்காரர்கிட்ட முதல் பேச்சு, வழக்கோட போக்கைத் தீர்மானிக்கறது, முக்கியமான வாதம். மத்ததுக்கு ஆள் போடணும்.

1970கள்ல அமெரிக்காவுல அரிசோனாவுல ரெண்டு இளம் வக்கீல்கள் நடுத்தர வருமானக்காரங்களுக்காக ஒரு சட்ட உதவி நிலையம் திறந்தாங்க. உதவியாளர்கள், அச்சடிச்ச படிவங்கள், தானியங்கித் தட்டச்சு, குறைஞ்ச ஃபீஸ், நிறைய வழக்கு. பேப்பர்ல விளம்பரம் கொடுத்ததால வழக்கறிஞர் சங்கம் நடவடிக்கை எடுத்தது. 1977ல உச்ச நீதிமன்றம் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. பேட்ஸ் வழக்கு, எல்லாருக்கும் தெரியும். எண்ணிக்கையாலதான் சின்ன அலுவலகம் நிக்கும்கறதுக்கு இதைவிட வேற உதாரணம் வேணாம். உங்ககிட்ட எண்ணிக்கை இருக்கு, ஆள்தான் இல்ல. முதல் 3 மாசச் சம்பளத்துக்குக் கையில இருக்கிற அட்வான்ஸே போதும்.

பழைய_கோட்டு

ஏறுமுகம் தம்பி, பேட்ஸ் தீர்ப்பை இன்னொரு தடவை படியுங்கள். அந்த நிலையம் என்னென்ன வழக்கு எடுத்தது என்று அதிலேயே இருக்கிறது. எதிர்ப்பில்லாத விவாகரத்து, எதிர்ப்பில்லாத தத்தெடுப்பு, எளிய தனிநபர் திவால், பெயர் மாற்றம். இப்படி வழக்கமான வேலைகளை மட்டுமே எடுத்தார்கள். சிக்கலானது வந்தால் வேண்டாம் என்றார்கள். ஒரே மாதிரி வேலை என்பதால்தான் படிவம் உதவியது, உதவியாளரிடம் கொடுக்க முடிந்தது, ஃபீஸையும் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. மறுத்ததால் கிடைத்த எண்ணிக்கை அது. இந்த அம்மாவின் 140 கட்டு 6 வகை. வகைக்கு ஒரு சட்டம், ஒரு நீதிமன்றம், ஒரு நடைமுறை. நாலாவது ஆள் வந்தால் அவரும் ஆறையும் கற்க வேண்டும், இவரும் ஆறையும் சரிபார்க்க வேண்டும். 11 மணி 12 ஆகும்.

35 வருடத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஒரு வகை வழக்கை இருபதாவது தடவை நடத்தும்போது எதிர்த்தரப்பு எங்கே தடுக்கும், எந்த ஆவணம் கடைசி நேரத்தில் காணாமல் போகும் என்பது கைக்கே தெரிந்துவிடும். முதல் தடவை 9 மணி நேரம் ஆனது அப்போது இரண்டரையில் முடியும். கட்சிக்காரர் கொடுக்கும் ஃபீஸ் அதேதான். வக்கீலின் லாபம் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. வந்ததையெல்லாம் எடுப்பவர் ஒவ்வொரு கட்டிலும் அந்த முதல் 9 மணி நேரத்தையே திரும்பத் திரும்பச் செலவழிக்கிறார்.

வரவுசெலவு

நான் வக்கீல் இல்லை. வக்கீல் அலுவலகங்களுக்குக் கணக்குப் பார்ப்பவன். இரண்டு விஷயம்.

முதலாவது அவசரம். ஏறுமுகம் சார், அட்வான்ஸில் கை வைக்கச் சொல்லாதீர்கள். செய்யாத வேலைக்கு வாங்கிய பணம் இன்னும் கட்சிக்காரருடையதுதான். அமெரிக்கா, இங்கிலாந்து உட்படப் பல நாடுகளில் கட்சிக்காரர் பணத்துக்குத் தனிக் கணக்கே வைக்க வேண்டும். அதிலிருந்து சம்பளம் போட்டால் உரிமமே போகலாம். விதியை விடுங்கள், நாளை அவர் கட்டைத் திருப்பிக் கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பீர்கள்?

இரண்டாவது, எண்களாகப் பாருங்கள். ஒரு வக்கீல் நாளைக்கு 10 மணி நேரம் உழைக்கிறார் என்று வையுங்கள். கட்சிக்காரருக்கென்று உருப்படியாகச் செய்தது 7. சாயங்காலம் நினைவிலிருந்து எழுதும்போது 6 ஆகிறது. பில் போடும்போது சங்கடப்பட்டு 5 ஆகிறது. கைக்கு வருவது 4. இது நான் விளக்கத்துக்காகப் போட்ட எண், ஆனால் தேய்வது எல்லா அலுவலகத்திலும் இந்தப் படிகளில்தான். புது ஆளுக்குச் சம்பளம் முதல் மாதமே போகும். அவர் வேலை முடித்து, பில் போய், பணம் வர 4, 5 மாதம் பிடிக்கும். வசூல் ஓட்டையாக இருக்கும்போது ஆள் கூட்டினால் ஓட்டை வழியாகக் கூடுதலாக ஒழுகும், அவ்வளவுதான். மேடம், பில் போட்டு 90 நாளுக்கு மேல் வராத தொகை எவ்வளவு? இதற்குப் பதில் தெரியாமல் ஆளெடுக்கும் பேச்சே வேண்டாம்.

ஏறுமுகம்

அட்வான்ஸ் விஷயத்துல நான் சொன்னது தப்பு. எழுதினதை அழிக்கல, படிக்கறவங்களுக்குத் தெரியட்டும். அந்தப் பணம் வேலை முடியறவரைக்கும் நம்முடையது இல்ல.

மத்ததுல நான் அசையல. மணிக்கணக்கு எழுதறது நல்லது, அதுக்காக வக்கீல் கடிகாரத்துக்கு அடிமையாகணுமா? கட்சிக்காரர் ஃபோன் பண்ணவே பயப்படுவார். நான் வழக்கோட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தொகைன்னு முன்னாடியே பேசிடறேன்.

வரவுசெலவு

கட்டத்துக்கு ஒரு தொகை என்பது நல்ல முறை, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நேரத்தைக் குறிப்பது பில் போட மட்டும் அல்ல. அமெரிக்காவில் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவராகப் பேசப்படும் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித், பாஸ்டனில் ஏழைகளுக்கான சட்ட உதவிச் சங்கத்தை நடத்தியவர். லாபம் பார்க்காத இடத்திலிருந்து வந்தவர். 1919இல் பெரிய அலுவலகமான ஹேல் அண்ட் டாருக்குப் போய் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். ஒரு வேலைக்கு நமக்கு என்ன செலவாகிறது என்று தெரிய வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம். நீங்கள் பேசும் கட்டத் தொகை லாபமா நட்டமா என்பதை அந்தக் குறிப்பு இல்லாமல் எதை வைத்துச் சொல்வீர்கள்?

கடைசி_மேசை

அக்கா, நான் ஜூனியர். 4 வருஷம் ஆச்சு. முன்னாடி இருந்த இடத்துல நடந்ததைச் சொல்றேன், அலுவலகப் பேர் வேண்டாம். 3 பேரா இருந்தோம், திடீர்னு 6 பேர் ஆனோம். ஒரு மேல்முறையீட்டுக்குக் கெடு நெருங்குது. சீனியர் என் டைரில இருக்கும்னு நெனச்சார். நான் புதுசா வந்தவர் பார்க்கறார்னு நெனச்சேன். அவர்கிட்ட கட்டே போகல. கெடு தாண்டி 11 நாள் கழிச்சு அந்தக் கட்சிக்காரரே ஃபோன் பண்ணி "என்னாச்சு தம்பி"ன்னு கேட்டார். அவர் குரல் இன்னும் காதுல இருக்கு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட்டோம், அது வேற கதை. ஆனா ஒரு ஆள்கூட சோம்பேறியா இருந்து அது நடக்கல. இப்ப இருக்கற இடத்துல எந்தக் கெடுவையும் ரெண்டு பேர் ரெண்டு இடத்துல எழுதறோம், திங்கக்கிழமை காலைல சத்தமா வாசிக்கறோம். 20 நிமிஷம் ஆகும். ஆளெடுக்கறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க அக்கா.

பழைய கோட்டு ஐயாகிட்டயும் ஒண்ணு கேக்கணும். ஒரே வகை வழக்குன்னு சுருக்கிட்டா ஜூனியர் என்ன கத்துப்பான்? இருபது தடவை ஒரே மனு எழுதி எனக்கு வெளில போய் நிக்கத் தைரியம் வருமா?

பழைய_கோட்டு

நியாயமான கேள்வி தம்பி. ஆறையும் மேலோட்டமாகத் தொட்டவனைவிட, ஒரு வழக்கை முதல் நோட்டீஸிலிருந்து மேல்முறையீடு வரை தானே கொண்டுபோனவன் நன்றாக நிற்பான் என்பது என் அனுபவம். ஆனால் அந்த வழக்கை முழுதாக அவன் கையில் கொடுக்க வேண்டும். வெறும் வாய்தா வாங்கத்தான் ஜூனியர் என்று வைத்திருக்கும் சீனியர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நானே 10 வருடம் அப்படித்தான் இருந்தேன், 4 நல்ல பிள்ளைகளை இழந்தேன்.

ஏறுமுகம்

ஐயா, ஒரே வகைன்னு சொல்றதுல இருக்கிற ஆபத்தை நீங்க தொடவே இல்ல. இங்கிலாந்துல வாகன விபத்துல கழுத்துச் சுளுக்கு வழக்கை மட்டும் நம்பி எத்தனையோ சின்ன அலுவலகங்கள் இருந்தது. 2018ல சட்டம் வந்தது. 2021 மே 31லேர்ந்து இழப்பீட்டுத் தொகையைக் குறைச்சு அட்டவணை போட்டாங்க. சிறு வழக்கு வரம்பை 1,000 பவுண்டிலேர்ந்து 5,000 ஆக்கினாங்க. அந்த வரம்புக்குள்ள வர்ற வழக்குல ஜெயிச்சாலும் வக்கீல் ஃபீஸை எதிர்த்தரப்புகிட்ட வாங்க முடியாது. ஒரே நாள்ல அடிப்படையே போச்சு. வக்கீல்கள் மேல எந்தத் தப்பும் இல்ல. பல வகை வழக்கு வச்சிருந்தவங்க தாங்கியிருப்பாங்க.

பழைய_கோட்டு

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நீங்கள் சொன்னது நிஜமான ஆபத்து. அதனால்தான் ஒன்று என்று சொல்லாமல் பக்கத்துப் பக்கத்து வகை இரண்டு என்று சொல்வேன். குடும்ப வழக்கில் பாதி கடைசியில் சொத்து வழக்காகத்தான் முடிகிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று கட்சிக்காரரைக் கொண்டுவரும். ஆனால் 6 வகைக்கு ஒருவர் எனும் நிலை பாதுகாப்பே இல்லை.

அம்மா, ஒரு எச்சரிக்கை. கட்டைக் குறைப்பது என்றால் பாதி வழியில் கைவிடுவது என்று அர்த்தமில்லை. விசாரணை நெருங்கும்போது விலகவே கூடாது. மற்றதிலும் எழுத்தில் தெரிவித்து, வேறு வக்கீல் பார்க்க நேரம் கொடுத்து, தேவையான இடத்தில் நீதிமன்ற அனுமதி வாங்கி, காகிதம் ஒன்று விடாமல் ஒப்படைக்க வேண்டும்.

நள்ளிரவு_டைரி

3 வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். வரவுசெலவு அவர்கள் கேட்டதைக் கேட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை. 4 பேரும் 3 வாரம் நேரம் குறித்தோம், 140 கட்டையும் தரையில் பரப்பி எண்ணினோம்.

சொத்து 58, குடும்பம் 34, மற்ற எல்லாம் சேர்ந்து 48. போன வருட வரவில் ஐந்தில் நாலு பங்கு முதல் இரண்டிலிருந்து. ஆனால் எங்கள் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதியை அந்த 48 எடுத்துக்கொள்கிறது. ஒரு வருடமாக ஒரு காசும் வராத கட்டு 31. அதில் 12க்கு நான் பில்லே அனுப்பவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்திருக்கிறது, வேறு காரணமே இல்லை. ஆனால் பணம் தரவில்லை என்று அந்தக் கட்சிக்காரர்கள்மேல் மனத்தாங்கல் வைத்திருந்தேன்.

நாலாவது வக்கீலை இப்போது எடுக்கவில்லை. கெடு டைரியும் பில்லும் மட்டும் பார்க்க ஒருவரை வைக்கிறேன். எடுத்த 48ஐயும் நடத்தி முடிப்பேன், புதிதாக அந்த வகைகளில் எடுக்கமாட்டேன். இனி எந்தக் கட்டு எடுத்தாலும் எதுவரை நம் வேலை, மேல்முறையீடு இதில் சேருமா, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்து.

ஏறுமுகம்

அந்த 5 வருஷ அனுபவக்காரர் காத்திருக்கமாட்டார் மேடம். நல்ல ஆள் கைவிட்டுப் போறது கணக்குல தெரியாது. 6 மாசத்துல திரும்ப எண்ணுங்க, அப்பவும் நான் இதையேதான் சொல்வேன்.

நள்ளிரவு_டைரி

சரி சார், 6 மாதம். அவரிடமும் அதையே சொல்லியிருக்கிறேன்.

நேற்று முதல் மறுப்பு. தெரிந்தவர் மகன், வேலைநீக்க வழக்கு. 9 வருடத்தில் முதல் தடவையாக முடியாது என்றேன். தொழிலாளர் வழக்கு மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் அனுப்பினேன்.

வரவுசெலவு

வாயால் மட்டும் சொன்னீர்களா?

நள்ளிரவு_டைரி

கடிதமாகக் கொடுத்தேன். உங்கள் வழக்கை நாங்கள் ஏற்கவில்லை, இதற்குக் கெடு உண்டு, இந்த வாரமே வேறு வக்கீலைப் பாருங்கள் என்று. கொண்டுவந்த காகிதங்களையும் திருப்பிக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன். பையன் அன்று மாலையே அவரைப் போய்ப் பார்த்துவிட்டான்.