வண்டி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஸ்போக்ஸ் துரு: கம்பெனி பொறுப்பா, நம் பொறுப்பா?

உப்பளத்தான்:
தூத்துக்குடியில் இருக்கிறேன். வண்டிக்கு இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி நடுவிலுள்ள ஹப்புக்குள் நுழையும் வளைவிலும், ரிம் பக்கம் கம்பியை இறுக்கும் சின்ன நட்டான நிப்பிள் ஓரத்திலும் செம்பழுப்பாகத் துரு. சர்வீஸ் சென்டரில் காட்டினேன். "கடல் காத்து சார், வாரண்டியில வராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கடலோர ஊரில் ஷோரூம் போட்டு விற்கிறவர்கள் அந்தக் காற்றைத் தாங்குகிற முலாம் பூசித் தர வேண்டாமா? மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதுதான் நியாயம் என்கிறேன்.

பட்டறை முருகு:
தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் வாரண்டி புத்தகத்தை ஒருமுறை படியுங்கள். முலாம் பூசிய பாகத்தில் வரும் துரு, உப்புக் காற்றால் வரும் அரிப்பு இவற்றைப் பல கம்பெனிகள் வெளிப்படையாகவே விலக்கி எழுதியிருக்கும். சாதாரண ஸ்போக்ஸ் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. இரும்பு அரிபடுவதற்கு முன்னால் அது அரிபட்டு இரும்பைக் காக்கும். முதலில் வெள்ளை மாவு போலப் படியும், சிவப்பு அப்புறம்தான். வெள்ளையைப் பார்த்தபோதே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மெழுகு போட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. உப்பு லாரி ஓடும் ரோட்டில் போகிற வண்டிக்கு வாரம் ஒரு கழுவு கட்டாயம்.

கிழக்குக்கரை:
முருகு அண்ணே, இதை ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய வண்டியும் என் புது வண்டியும் ஒரே ஷெட்டில்தான் நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே காற்று, ஒரே தண்ணீர். பழைய வண்டியின் கம்பி மங்கியிருக்கிறது, அவ்வளவுதான், புதியதில் துரு. பூச்சு மெலிதாக இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதை வாங்கினவர் தலையில் கட்டுவது சரியில்லை.

உப்பளத்தான், எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. சர்வீஸுக்கு விடும்போது எழுதும் ஜாப் கார்டில் "ஸ்போக்ஸ் துரு" என்று எழுத வைத்து நகல் வாங்குங்கள். அப்புறம் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

சில்வர் ரைடர்:
அதெல்லாம் நடக்கிறபோது நடக்கட்டும். இப்போதைக்குப் புளி, இல்லையென்றால் பாத்ரூம் ஆசிட்டைத் தண்ணீர் கலந்து தேய்த்தால் போய்விடும். அலுமினிய ஃபாயிலைக் கசக்கி நனைத்துத் தேய்த்தாலும் பளபளக்கும்.

பட்டறை முருகு:
ஆசிட்டை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்! மிச்சமிருக்கும் துத்தநாகத்தையும் கரைத்துவிடும். நிப்பிள் மரைக்குள் தங்கினால் உள்ளேயிருந்து அரிக்கும். இழுவையில் நிற்கும் கம்பிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. புளியும் அமிலம்தான், பித்தளை விளக்கோடு நிற்கட்டும். ஃபாயில் குரோம் பூச்சுக்கு நல்லது, குரோமைவிட மெத்தென்று இருப்பதால் கீறாது. துத்தநாகக் கம்பியில் அழுத்தித் தேய்த்தால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். உப்புத்தாளும் அப்படித்தான்: அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், அடுத்த மழைக்கு முழுக் கம்பியும் சிவக்கும்.

நான் செய்வது இது. பித்தளை பிரஷால் துருவை மட்டும் லேசாக எடுப்பேன். கழுவி நன்றாகக் காய வைத்து, துணியில் மெழுகு தொட்டு ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பேன். வாட்டர் வாஷ் கன்னை நிப்பிளுக்கு நேராகப் பிடிக்க விடமாட்டேன். எண்ணெய் ஸ்ப்ரே என்றால் துணியில் அடித்துத்தான் தடவ வேண்டும். டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது.

கிழக்குக்கரை:
இவ்வளவு வேலையையும் வண்டிக்காரர்தான் செய்ய வேண்டும் என்றால், எவர்சில்வர் கம்பியைக் கம்பெனியே போட்டுத் தரலாமே? பல வண்டிகளில் சக்கரத்துக்கு 36 கம்பிதான். அதற்குப் பெரிய செலவாகிவிடாது.

பட்டறை முருகு:
அந்த விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் வாங்கினவர் தானாக மாற்றும்போது கவனம் வேண்டும். நிப்பிளும் எவர்சில்வர் என்றால் மரை ஒன்றோடொன்று கடித்து இறுகிவிடும், அப்புறம் சக்கரத்தின் கோணலை நிமிர்த்தி பெண்டு எடுக்கவே முடியாது. நிக்கல் பூசிய பித்தளை நிப்பிள் போட்டு, மரையில் கிரீஸ் தடவி ஏற்ற வேண்டும். உள்கம்பி, வெளிக்கம்பி வளைவு வேறு வேறு. மாற்றிப் போடக் கூடாது.

உப்பளத்தான், அதற்கு முன்னால் வளைவில் துருவை எடுத்துவிட்டு நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் மேல்துரு. சின்னக் குழி தட்டினால் அந்தக் கம்பி அங்கேதான் உடையும். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டவும் செய்யுங்கள். இறுக்கமாக இருந்தால் 'டிங்' என்று கேட்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும்.

உப்பளத்தான்:
பார்த்தேன் அண்ணே. நிப்பிள் பக்கம் வழவழப்புதான். ஆனால் செயின் பக்கத்து வளைவில் சிலவற்றில் நகம் மாட்டுகிறது, அதில் ஒன்று மொத்தென்றும் கேட்கிறது.

பட்டறை முருகு:
அப்படியென்றால் அவற்றை மெழுகு காப்பாற்றாது. மாற்றும்வரை பின்னால் ஆள் ஏற்றாதீர்கள், பைபாஸில் வேகம் வேண்டாம்.

கிழக்குக்கரை:
மாற்றுவதற்கு முன்னால் குழி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். கழற்றிய கம்பிகளைப் பட்டறையில் விடாமல் கையோடு வாங்கி வாருங்கள். அழகு கெட்டதற்காகக் கேட்கிறோம் என்று இனி அவர்கள் சொல்ல முடியாது.

பட்டறை முருகு:
கழுவாமல் விட்டதாக அவர்கள் சொல்லத்தான் செய்வார்கள், அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் பில் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா?

உப்பளத்தான்:
எல்லாம் இருக்கிறது. திங்கட்கிழமை புகாரை எழுத்தில் கொடுக்கிறேன். அவர்கள் பதில் எதுவானாலும் கம்பியை அந்த வாரமே மாற்றிவிடுகிறேன்.