பையனுக்கு ராத்திரி வீசிங், ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா?

வேளச்சேரி அம்மா:
வணக்கம், எங்க வீடு ஃபர்ஸ்ட் ஃப்ளோர், பையனுக்கு நாலு வயசு, பகல்ல நல்லா ஓடியாடுறான் ஆனா விடியக்காலைல இருமல் ஆரம்பிச்சு மூச்சு இழுக்குது, டாக்டர் இன்ஹேலர் குடுத்திருக்காங்க. கொசுவுக்கு பயந்து ஆறு மணிக்கே ஜன்னல் எல்லாம் சாத்திடுவோம், பெட்ரூம்ல கொசுவத்தி ராத்திரி பூரா எரியும், செவ்வாய் வெள்ளி சாம்பிராணி போடுவோம். ப்யூரிஃபையர் வாங்கினா சரியாகுமா?

குமரன்78:
முதல்ல கொசுவத்திய நிறுத்துங்க சிஸ்டர், மெஷின் அப்புறம் பாத்துக்கலாம். சீனா, மலேசியால விக்கிற கொசுவத்திய சோதிச்சு 2003ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற நுண்துகள் 75லேர்ந்து 137 சிகரெட்டுக்கு சமம்னு அதுல இருக்கு. கொசுவ விரட்டுற மருந்து அதுல கொஞ்சூண்டுதான், மீதியெல்லாம் மரத்தூள் மாதிரி எரியுற சமாச்சாரம், சாத்தின ரூம்ல குழந்தை அதத்தான் விடிய விடிய மூச்சுல இழுக்குது. வெல்க்ரோ வெச்ச கொசுவலை ஜன்னலுக்கு அடிங்க, கட்டிலுக்கும் ஒரு வலை கட்டுங்க, ஜன்னல திறந்தே வெக்கலாம்.

மாலதி:
சமையலையும் பாருங்கப்பா. எங்க வீட்ல சின்ன மீட்டர் வெச்சிருக்கேன், காஞ்ச மிளகா தாளிச்சா போதும் பிஎம் 2.5, அதாவது காத்துல இருக்கிற நுண்துகள் அளவு, கிடுகிடுன்னு ஏறிடும், இறங்க ரொம்ப நேரமாகும். உலக சுகாதார நிறுவனம் இதுக்கு 2021ல சொன்ன வரம்பு 24 மணி நேர சராசரி ஒரு கன மீட்டர் காத்துல 15 மைக்ரோகிராம், நம்ம நாட்டு வரம்பு 60. அடுப்பு பத்த வெக்கும்போதே எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுடுங்க, அணைச்ச அப்புறமும் கொஞ்ச நேரம் ஓடட்டும்.

செடிப்பிரியன்:
ஸ்நேக் ப்ளான்ட் நாலு தொட்டி வைங்க, காத்து சுத்தமாகும்னு நாசாவே சொல்லிருக்கு.

குமரன்78:
இல்லங்க, நாசா 1989ல பண்ணது காத்து புகாத சின்ன பெட்டிக்குள்ள, அதுவும் பென்சீன் மாதிரி வாயுவுக்கு. வீட்டுப் புகைய நாலு தொட்டி ஒண்ணும் பண்ணாது. ப்யூரிஃபையர் வாங்கறதா இருந்தா நுண்துகள பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் இருக்கணும், ரூம் அளவுக்கு ஏத்ததா இருக்கணும், ஓசோன் விடுற மாடல் வேணவே வேணாம், வீசிங் இன்னும் கூடிடும்.

வேளச்சேரி அம்மா:
ரொம்ப நன்றி, நாளைக்கே வலை அடிக்க ஆள் வரச்சொல்றேன். சாம்பிராணி மட்டும் மாமியார் விடமாட்டாங்க, என்ன பண்றது?

மாலதி:
பையன மாடிக்கு கூட்டிட்டு போயிடுங்க, ஜன்னல் கதவு எல்லாம் திறந்து வெச்சு ஹால்ல மட்டும் காட்டட்டும், புகை சுத்தமா வெளிய போன அப்புறம் உள்ள வாங்க. இன்ஹேலர டாக்டர் சொல்லாம நிறுத்திடாதீங்க.