வீட்டுக்கு ஒரு சூடான அறை போதும்

ஊட்டியில் ஃபெர்ன்ஹில் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து வீட்டில் இருக்கிறோம். அங்கிருந்த பழைய கணப்பில் சீகை விறகு போட்டால் எதிரே உட்கார்ந்தவருக்கு முழங்கால் வேகும், முதுகு விறைக்கும். சூடு பெரும்பாலும் சிம்னியோடு போய்விடும். போகிறபோது அறைக் காற்றையும் இழுத்துக்கொண்டு போவதால் பின்கட்டு இன்னும் சில்லிடும்.

மூன்று வருடம் முன்பு அதே பொந்துக்குள் கேஸ் இன்செர்ட் வைத்தோம். கண்ணாடி போட்டு மூடிய இரும்புப் பெட்டி. தீ எரிய வேண்டிய காற்று வெளியிலிருந்து ஒரு குழாயில் வரும், புகை இன்னொன்றில் போகும். மாமியாருக்கு வீசிங் இருப்பதால் எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கதவெல்லாம் திறந்து வைத்து வீடு முழுக்கச் சூடாக்கப் பார்த்தேன். 5 கிலோவாட் அடுப்பு முழுத் தீயில் மணிக்குக் கிட்டத்தட்ட 400 கிராம் கேஸ் குடிக்கும். 19 கிலோ சிலிண்டர் பத்தே நாளில் காலி! இப்போது ஆறு மணிக்கே பின்கட்டுக் கதவைச் சாத்தி, அடியில் பழைய கம்பளியைச் சுருட்டி வைத்துவிடுவேன். மாமியார் கட்டிலும் ஹாலுக்கு வந்தாச்சு. அரைமணி முழுத் தீ, அப்புறம் சிம். மூன்று வாரம் தாங்குகிறது. எங்களுக்கு ரஜாயும் வெந்நீர்ப் பையும்தான்.

ஜனவரியில் உறைபனி கொட்டிய ஒரு ராத்திரி தீ சுருங்கிச் சுருங்கி அணைந்தே போனது. வெளியே போய்ப் பார்த்தால் சிலிண்டரின் கீழ்ப்பாதி வெள்ளையாகப் பூத்திருந்தது. எல்பிஜியில் இருக்கும் பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கினால் ஆவியாக மாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரர் சிலிண்டர் மேல் ஊற்றக் கொதிக்கிற தண்ணீரோடு கிளம்பினார். ஆபத்து என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். பிறகு இரண்டு சிலிண்டரை ஒரே லைனில் சேர்த்ததும் சரியானது.

இந்தப் பதிவுக்குக் கொடைக்கானலிலிருந்து ஒரு பதில்: எங்களுக்குச் சிம்னியே இல்லை. பக்கத்துக் காட்டேஜில் தங்க வந்தவர்கள் கரி அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். தலைவலி, வாந்தி என்று ஒருவர் வெளியே ஓடிவந்ததால் பிழைத்தார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து: அக்கா, கண்ணாடிக்கு முன்னால் வலை போட்டீங்களா? என் பையன் விரலைச் சுட்டுக்கிட்டான். அப்புறம், கரண்ட் போனா எரியுமா?

என் பதில்: வலை அடுப்போடயே வந்தது தம்பி. எங்க மாடல்ல பைலட்னு எப்பவும் எரியுற சின்னத் தீயோட சூட்டுலயே வால்வுக்கு வேண்டிய மின்சாரம் உண்டாகிடும், ஃபேன் மட்டும்தான் நிக்கும். போன வாரம் மரம் விழுந்து ராத்திரி மூணு மணி நேரம் கரண்ட் இல்லை. மாமியார் அந்தத் தீ வெளிச்சத்துல உட்கார்ந்து ஒரு முறம் மலைப்பூண்டு உரிச்சு முடிச்சிட்டாங்க.