பெரியவர்களுக்கு மாலை உடல்நல வகுப்பு நடத்துகிறோம், மாதச் செலவுக்கு வழி சொல்லுங்கள் (உச்சிப்புளி – மண்டபம் பக்கம்)

தென்கடல் பேத்தி:

வணக்கம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், தென்கடல் ஓரம் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், முந்நூறு தலைக்கட்டுதான், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அறுபது தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் சாயங்காலம் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ஒரு வகுப்பு நடக்கிறது. கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி, நடை, மூச்சுப் பயிற்சி, பிரஷர் பார்ப்பது, மாதம் ஒருமுறை சுகர். முடிந்ததும் சுண்டல் அல்லது கேப்பைக் கூழ். நாற்பது பேர் வரை வருகிறார்கள். பாதிப்பேர் காலமெல்லாம் கடலில் முங்கிப் பாசி எடுத்த பெண்கள், முழங்காலும் இடுப்பும் விட்டுப்போனவர்கள். ஆண்கள் வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள், சுண்டல் வந்ததும் உள்ளே வருவார்கள்.

செலவு: பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு 6,000, சுண்டல்-கூழ் 4,000, சுகர் ஸ்ட்ரிப் 800, ஆட்டோ மற்றும் சில்லறை 700. ஆக மாதம் 11,500. துபாயில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் முழுசாகக் கொடுத்துவந்தார். அவருக்கு வேலை போய்விட்டது, அடுத்த மாதத்தோடு நின்றுவிடும். ஒரு கம்பெனிக்கு சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் பணம்) கேட்டு எழுதினேன். "பதிவுச் சான்று, 12ஏ, 80ஜி அனுப்பவும்" என்று ஒரு வரி பதில். 12ஏ அமைப்புக்கு வரிவிலக்கு, 80ஜி நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு, இரண்டும் வருமான வரித்துறைப் பதிவாம். எங்களிடம் இருப்பது வருகைப் பதிவு நோட்டு மட்டும்.

டிரஸ்ட் ஆரம்பிப்பதா, சங்கமா? அரசில் இதற்கென்று பணம் உண்டா? எங்கே முதலில் போவது?

தொண்டித் தம்பி:

எம்எல்ஏவிடம் மனு கொடுங்க அக்கா. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷம் 3 கோடி இருக்கு. 11,500 எல்லாம் ஒரு காசா?

ராம்நாடு கணக்கர்:

தம்பி, அந்த 3 கோடியில் இந்த 11,500ஐத் தர முடியாது. காசு இல்லாமல் இல்லை, விதி அப்படி. எம்எல்ஏ நிதி, 5 கோடி எம்பி நிதி, ஊரும் பங்கு போடும் நமக்கு நாமே திட்டம் எல்லாமே கட்டடம், கழிப்பறை, சாய்தளம் மாதிரி நிலைத்து நிற்கும் சொத்துக்கு. சம்பளத்துக்கும் சுண்டலுக்கும் அதில் தலைப்பே கிடையாது.

பேத்தி, உங்கள் கணக்கை அப்படியே ஒரு ஆளிடம் கொண்டுபோய் நீட்டாதீர்கள். முதலில் பிரியுங்கள். அரசு ஏற்கெனவே இலவசமாகச் செய்வது எது, ஒரே தடவை வாங்கினால் போதும் என்பது எது, மாதாமாதம் போவது எது. முதலாவதுக்குப் பணமே கேட்க வேண்டாம். இரண்டாவதுக்கு அரசையும் பெரிய ஆட்களையும் கேட்கலாம். மூன்றாவது, அதாவது அந்தப் பெண்ணின் சம்பளம், ஊருக்குள்ளிருந்துதான் வர வேண்டும். வெளியாள் தரும் சம்பளம் எத்தனை மாதம் நிற்கும் என்று துபாய்க்காரர் விஷயத்திலேயே பார்த்துவிட்டீர்கள்.

சிஎஸ்ஆர் பற்றி. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்ய வேண்டும். ஏழாம் அட்டவணையில் முதியோர் பகல்நேர மையம், நோய்த்தடுப்பு நலவாழ்வு இரண்டுமே இருக்கின்றன, ஆகவே உங்கள் வேலை தகுதியானதுதான். வாங்கும் அமைப்புக்குத்தான் நிபந்தனை: 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவு, அதற்கு மேல் இதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவம். இன்றைக்குப் பதிவு செய்தாலும் உடனே கதவு திறக்காது. அவசரம் என்றால் இந்தத் தகுதிகள் ஏற்கெனவே இருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். "சிஎஸ்ஆர் வாங்கித் தருகிறேன், பத்து பர்சென்ட் கொடுங்கள்" என்று ஒருவர் கட்டாயம் போன் செய்வார். எடுக்காதீர்கள்.

நம் மாவட்டத்துக்கு ஒரு சாதகம் உண்டு. மத்திய அரசு 2018இல் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டில் இரண்டே இரண்டு, ராமநாதபுரமும் விருதுநகரும். பொதுத்துறை நிறுவனங்கள் சிஎஸ்ஆரில் இந்த மாவட்டங்களுக்கு முன்னுரிமை தரலாம் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. பின்னால் விண்ணப்பம் எழுதும்போது முதல் பத்தியிலேயே இதைப் போடுங்கள்.

டிரஸ்டா சங்கமா என்றால், நான் சங்கம் என்பேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, குறைந்தது ஏழு பேர், மாவட்டப் பதிவாளர் அலுவலகம். டிரஸ்ட் சார்பதிவாளரிடம் சீக்கிரம் முடியும், ஆனால் அறங்காவலர் இரண்டு மூன்று பேர் கையிலேயே எல்லாம் நிற்கும். ஊர்ப்பணம் வாங்கப் போகிறீர்கள், வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டிக் கணக்குக் காட்டும் அமைப்பு இருந்தால் பேச்சு வராது. பதிவு முடியும்வரை உங்கள் சொந்த ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். நாளைக்கு நீங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றினால் அந்தக் காசில்தான் என்று டீக்கடையில் பேசுவார்கள்.

நர்ஸம்மா (ஓய்வு):

முதலில் 800 ரூபாயைக் கணக்கிலிருந்து அடியுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்க வேண்டும். வீடு வீடாக அலைவதற்குப் பதில் உங்கள் வகுப்பு நாளில் வந்தால் அவருக்கு நாற்பது பேர் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். வேண்டாம் என்றா சொல்வார்? அதே திட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் உண்டு. மாதம் ஒரு நாள் உங்கள் கட்டடத்துக்கு வரச்சொல்லி வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள்.

கிராம சுகாதாரக் குழு என்று ஒன்று உங்கள் ஊராட்சியிலும் இருக்கும். தேசிய நலவாழ்வுக் குழுமத்திலிருந்து அதற்கு வருஷம் 10,000 ரூபாய் கட்டில்லா நிதி, அதாவது இதற்குத்தான் என்று முன்கூட்டியே கட்டிப்போடாத பணம். பல ஊர்களில் அது பிளீச்சிங் பவுடரோடு முடிந்துபோகிறது. கிராம சுகாதார செவிலியரிடம் அந்தக் கணக்கைக் கேளுங்கள். பாய், நாற்காலி, பிரஷர் மெஷின் வாங்க அது போதும்.

கைத்தடி, வாக்கர், காது மெஷின், கண்ணாடி, பல்செட்டுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், மாத வருமானம் 15,000க்குள் உள்ளவர்களுக்கும் இலவசம். முகாம் போட்டுத்தான் அளவெடுப்பார்கள். எத்தனை பேருக்கு என்ன தேவை என்ற பட்டியலோடு மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். பட்டியல் கையில் இருந்தால்தான் பேச்சு நடக்கும்.

கண்ணுக்கு மதுரை அரவிந்த். கடல் வெயிலில் கிடந்தவர்களுக்குப் புரையும் சதை வளர்ச்சியும் நிறைய. அவர்கள் முகாம் முறையே உள்ளூர் ஆட்கள் இடமும் விளம்பரமும் பார்த்துக்கொள்வது, மருத்துவமனை பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் பார்த்துக்கொள்வது. நீங்கள் ஏற்பாட்டாளராக இருந்து ஒரு முகாம் நடத்திவிட்டால், பின்னால் எந்த நிதிக்கு விண்ணப்பித்தாலும் காட்ட ஒரு காரியம் இருக்கும்.

பணத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று. பிரஷர் 180/110க்கு மேல் காட்டினால் அன்று அவருக்குப் பயிற்சி வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். முழங்கால் தேய்ந்தவர்களைத் தரையில் உட்காரச் சொல்லாதீர்கள், எல்லாம் நாற்காலியில் செய்யலாம். கூழுக்குத் தொட்டுக்கொள்ள யாரும் கருவாடு கொண்டுவராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொண்டுவருவார்கள், எனக்குத் தெரியும்.

பாம்பன் பாலத்தடி:

வருகிறவர்களிடமே ஆளுக்கு மாதம் 100 வாங்கினால் என்ன? முதியோர் உதவித்தொகை 1,200 வருகிறதே. இலவசமாகக் கொடுப்பதற்கு மதிப்பில்லை.

நர்ஸம்மா (ஓய்வு):

அண்ணே, அந்த 1,200 பாதி வீடுகளில் மருமகள் கைக்குப் போய் அரிசியாகிவிடுகிறது. 100 கேட்டால் அடுத்த வாரம் முதலில் நிற்பது கட்டாயம் வர வேண்டிய ஆள்தான். வாசலில் ஒரு உண்டியல் வையுங்கள், போடுகிறவர் போடட்டும். வருகைக்கும் காசுக்கும் முடிச்சுப் போடக் கூடாது.

கீழக்கரை காக்கா:

எங்கள் பக்கம் வெளிநாட்டுப் பணம் அதிகம், அதனால் சிக்கலும் தெரியும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலிருந்தோ சவூதியிலிருந்தோ தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாகச் சங்கத்துக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியா குடியுரிமை எடுத்துவிட்டவர் நம் ஊர் ஆள்தான் என்றாலும், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தருவது) இருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அவர் வெளிநாட்டவர். அவர் பணத்தை வாங்கச் சங்கத்துக்கு அந்தச் சட்டத்தில் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு அமைப்பு மூன்று வருஷம் நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சமாவது செலவு காட்டியிருக்க வேண்டும். பணம் டில்லியில் ஸ்டேட் பேங்க் மெயின் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்கும். உங்கள் அளவுக்கு அது வேண்டாத வேலை. உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஹவாலாவில் அனுப்புகிறேன் என்பார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒருவரிடமே 11,500 வாங்கியதுதான் ஆட்டம் கண்டது. வெளிநாட்டில் இருக்கும் பத்துப் பிள்ளைகளிடம் சின்னச் சின்னதாக வாங்குங்கள். 80ஜி ரசீது இல்லையே என்று தயங்காதீர்கள், புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. வகுப்பில் தன் உம்மா நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கும் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தால் போதும், பிள்ளை கொடுப்பான்.

ஜமாஅத் இருக்கும் ஊர் என்றால் அதன் பொது நிதியான பைத்துல்மாலில் கேளுங்கள். ஜகாத் என்னும் கட்டாய தர்மம் எட்டு வகையினருக்கு என்று வரையறுத்தது, அதை ஏழைப் பெரியவரின் மருந்துக்குக் கேட்கலாம். வகுப்புச் செலவுக்கு சதகாவாக, அதாவது விருப்பக் கொடையாகக் கேளுங்கள். இரண்டையும் ஒரே நோட்டில் கலக்காதீர்கள்.

தென்கடல் பேத்தி:

எல்லாருக்கும் நன்றி. நர்ஸம்மா, கருவாடு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது.

நேற்று ஊர்ப் பெரியவர்களிடம் பேசினேன். வீட்டுக்கு 20 ரூபாய் போட்டால் 300 வீட்டுக்கு 6,000, அந்தப் பெண்ணின் சம்பளம் சரியாக வந்துவிடும் என்றேன். கொடுக்கலாம், ஆனால் மாதாமாதம் வசூலுக்கு வராதே என்கிறார்கள். சோழகம் என்னும் தென்காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் கரையில் வருமானமே இல்லை, பலர் வள்ளத்தை வடகடலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மீன் ஏலத்தில் கோயிலுக்கு எடுக்கும் பங்கான மகமையோடு சேர்த்து எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் சாமி காசைத் தொடாதே என்று சத்தம் போட்டார்.

சுண்டலுக்கும் இன்னும் வழி தெரியவில்லை.

ராம்நாடு கணக்கர்:

மகமையில் கை வைக்காதீர்கள், சண்டை வந்தால் வகுப்பும் போய்விடும். வரியைக் காற்றுக்கு ஏற்றபடி வையுங்கள். புரட்டாசியிலிருந்து பங்குனி வரை மாதம் வீட்டுக்கு 35, மற்ற ஐந்து மாதம் ஒன்றும் இல்லை. ஏழு மாதத்தில் 300 வீட்டுக்கு 73,500. சம்பளம் வருஷத்துக்கு 72,000. எல்லா வீடும் கொடுக்காது, அதனால்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் வேண்டும். முதல் வருஷம் புரட்டாசி வரைக்குமான சம்பளத்தையும் அவர்களிடமே கேளுங்கள்.

சுண்டலுக்கு மாதம் பன்னிரண்டு நாள், ஒரு நாளுக்கு 330 சொச்சம். அப்பா அம்மா நினைவு நாள், பேரன் பிறந்த நாள், கல்யாண நாள் என்று ஒரு நாளை ஒரு வீடு எடுத்துக்கொள்ளட்டும். கரும்பலகையில் பெயர் எழுதினால் அடுத்த மாத நாளுக்குப் போட்டியே வரும். காசாக வாங்காதீர்கள், சுண்டலாகவே வரட்டும்.

தொண்டித் தம்பி:

அப்ப என் எம்எல்ஏ ஐடியா சுத்தமா வேஸ்டா?

ராம்நாடு கணக்கர்:

இல்லை தம்பி. அந்தக் கட்டடத்துக்குச் சாய்தளமும் வெஸ்டர்ன் கழிப்பறையும் இல்லை என்றால் அதற்கு அதே மனுதான். நமக்கு நாமே என்றால் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு ஊர் கட்ட வேண்டும், ஆதிதிராவிடர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு.

தென்கடல் பேத்தி:

கழிப்பறை இருக்கிறது, தரையோடு பதித்தது. முழங்கால் வலிக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார்கள், சிலர் அதற்காகவே வருவதில்லை. இதை கிராம சபையில் வைக்கலாமா? ஊராட்சியில் தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபிறகு கையெழுத்து தனி அலுவலரிடம் போனது.

ராம்நாடு கணக்கர்:

வையுங்கள், ஆனால் அன்று எழுந்து பேசினால் மட்டும் போதாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதில் எது அடுத்து வருகிறதோ அதற்கு முன்பே கையெழுத்து அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் மனு கொடுத்துப் பொருள்நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். மனு நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். தீர்மானம் ஏறியதும் நகல் கேட்டு வாங்கி, எம்எல்ஏ மனுவோடு இணையுங்கள். வருகைப் பதிவு நோட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

தென்கடல் பேத்தி:

சரி. வாசலில் உட்காரும் ஆண்கள் பெயரையும் நோட்டில் எழுதலாமா?

நர்ஸம்மா (ஓய்வு):

பிரஷர் பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்காமல் சுண்டல் கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.