வரன் விசாரிப்பவரிடம் எதுவரை சொல்வது?

காவிரிக்கரை கேட்டது:
கும்பகோணத்தில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். நேற்று மாப்பிள்ளையின் தாய்மாமா என்று ஒருவர் தொலைபேசியில் அழைத்து, குடும்பத்தைப் பற்றி நிதானமாக விசாரித்துவிட்டு, முடிவில் "பெண்ணுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். அவளுக்குப் பதினைந்து வயதிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவதால் நான்கு ஆண்டுகளாக ஒருமுறைகூட வரவில்லை. நள்ளிரவில் ஒருமுறை மருத்துவமனைக்குத் துணைக்குப் போனதால்தான் எனக்கு இது தெரியும். "வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள், நாளைக்குப் பேசுகிறேன்" என்று வைத்துவிட்டேன். (அதுவும் பொய்தான்.) ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள்; அந்த ஆயிரத்தில் ஒன்று என்னுடையதாக இருக்க வேண்டாம், அவள் வரனைக் கலைத்தவள் என்ற பெயரும் எனக்கு வேண்டாம். என்ன சொல்லட்டும்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
"பொய்ம்மையும் வாய்மை யிடத்த" என்ற 292ஆம் குறளைக் காட்டிப் பொய்க்கு அனுமதி வாங்கிக்கொள்பவர்கள், அதே குறளில் உள்ள "புரைதீர்ந்த நன்மை" என்ற நிபந்தனையை விழுங்கிவிடுகிறார்கள். ஒரு வீட்டுக்கு நன்மையும் மற்றொரு வீட்டுக்கு ஏமாற்றமும் தரும் சொல் குற்றம் நீங்கிய நன்மை ஆகாது என்பதால், "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். நோயையும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. "உடல்நலம் பற்றி அவர்களிடமே கேளுங்கள்" என்று முடித்துக்கொள்ளலாம்.

முல்லை:
ஐயா சொல்வது ஏட்டில் சரி. ஆனால் வரன் விசாரிப்பில் "அவர்களிடமே கேளுங்கள்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் காதில் அது "ஏதோ இருக்கிறது" என்றுதான் விழும். பெயர் சொல்லப்படாத அந்த ஏதோ ஒன்று, நான்கு பேர் வாயில் புகுந்து வருவதற்குள் வலிப்பைவிடப் பெரிதாகிவிடும். என் அக்காவுக்கு மறைத்துத்தான் திருமணம் செய்தோம். புகுந்த வீட்டில் யாரும் பார்த்துவிடக்கூடாதென்று மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தவள், எடுக்க நேரம் வாய்க்காத நாட்களில் விட்டுவிட்டாள். இரண்டாவது மாதம் அடுப்படியில் விழுந்தாள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதே வலிப்பை வரவழைக்கும். தவிர, வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடியவை என்பதால், கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். கணவருக்குத் தெரியாமல் அதை எப்படிச் செய்வாள்? எனவே அந்தத் தாய்மாமாவுக்குப் பதில் சொல்லுமுன் பெண்ணின் அம்மாவிடம் போய், இப்படிக் கேட்டார்கள் என்று சொல்லுங்கள் அம்மா. அந்த வீட்டுச் செய்தி அந்த வீட்டு வாயிலிருந்தே போகட்டும்.

வழக்கறிஞர் ஒருவர்:
சட்டத்தைப் பற்றி ஒரு சொல். இந்து திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அடிக்கடி வரும் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகச் சேர்த்தது. 1999இல் அது நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே வலிப்பு இருப்பது இன்று தடையல்ல. ஆனால் முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் பெற்றதாகக் காட்டினால், 12ஆம் பிரிவின்கீழ், மோசடி தெரியவந்த ஓராண்டுக்குள் திருமணத்தை ரத்து செய்யக் கோர முடியும். நோயைவிட மறைப்புதான் வழக்காகிறது.

காவிரிக்கரை:
முல்லை சொன்னபடியே போய்ப் பேசினேன். அவள் அம்மா முதலில் முகம் கறுத்து, "ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் அக்கா?" என்று கேட்டுவிட்டார். உள்ளே இருந்து வந்த அவள்தான், "அத்தை பொய் சொல்ல வேண்டாம்மா, அவரிடம் நானே பேசுகிறேன்" என்றாள். மாலையில் தாய்மாமா அழைத்தபோது, "மருத்துவ விவரம் ஒன்றை மாப்பிள்ளையிடம் தானே நேரில் சொல்லப் பெண் விரும்புகிறாள், இவ்வளவு பொறுப்பான பெண்ணை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அவளுடைய எண்ணைக் கொடுங்கள்" என்றார்.